வாய்ஸ்மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

"நேற்றே வாய்ஸ்மெயில் அனுப்பினேனே, வரவில்லையா?" வெவ்வேறு நிறுவனங்கள் தயாரித்த இரண்டு வாய்ஸ்மெயில் சர்வர்களை நெட்வொர்க்கில் இணைத்து வைத்திருந்தால், இந்தக் கேள்வி ஒரு நாள் உங்கள் மேசைக்கு வரும். அனுப்பியவரிடம் "உங்கள் செய்தி அனுப்பப்பட்டது" என்று போன் சொல்லியிருக்கிறது. பெறுபவரின் பெட்டியில் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கத்து நிர்வாகிகளும் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அந்த அறிவிப்புக்கு அர்த்தம் ஒன்றுதான்: உள்ளூர் சர்வர் செய்தியைத் தன் வரிசையில் போட்டுக்கொண்டது. எதிர்முனை வாங்கிக்கொண்டதா என்பது அதற்கு இன்னும் தெரியாது. அதனால் எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால், அந்த ஒரு செய்தி எதுவரை போனது என்று பாருங்கள். கீழே இருக்கும் எல்லாமே அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

முதலில், உங்கள் இணைப்பு எந்த வகை?

பழைய முறை ஏமிஸ் (AMIS) அனலாக். ஒரு சர்வர் மற்றொன்றுக்குச் சாதாரண போன் கால் போடும், டயல் ஒலிகளால் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும், செய்தியை ஓட்டிக் காட்டும். எதிர்முனை அதைப் பதிவு செய்துகொள்ளும். மூன்று நிமிடச் செய்திக்கு லைன் மூன்று நிமிடம் பிடிபட்டிருக்கும்.

அதற்குப் பின் வந்தது விபிம் (VPIM). செய்தியை மின்னஞ்சலாகக் கட்டி, எஸ்.எம்.டி.பி (மின்னஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் முறை) வழியாக அனுப்பும் முறை. இதன் இரண்டாம் பதிப்பு 1998-இல் ஆர்.எஃப்.சி 2421 ஆக வந்தது, 2004-இல் ஆர்.எஃப்.சி 3801 அதன் இடத்தைப் பிடித்தது. குரல் 32 கிலோபிட் ஏ.டி.பி.சி.எம் வடிவில், அதாவது ஜி.726 கோடெக்கில் (குரலைச் சுருக்கும் முறை) போகும்.

மூன்றாவது, செய்தியே பயணிக்காத இணைப்பு. கிளையில் எடுக்கப்படாத கால் எஸ்.ஐ.பி டிரங்க் (நெட்வொர்க் வழியாகக் கால்களைக் கொண்டுபோகும் இணைப்பு) வழியாக மையத்தில் இருக்கும் வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பப்படும். தொந்தரவுகளின் குணமும் இதில் வேறு.

வகை தெரிந்ததும் இரண்டு சர்வர்களின் கடிகாரத்தையும் என்.டி.பி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) மூலம் ஒன்றாக்கிவிடுங்கள். ஏழு நிமிடம் வித்தியாசம் இருக்கும் இரண்டு லாகுகளை (சர்வர் எழுதிவைக்கும் நடப்புக் குறிப்புகளை) ஒப்பிட்டுப் பார்ப்பது நரக வேதனை. அப்புறம் சோதனைச் செய்தி பதிவு செய்யும்போது வெறுமனே "ஹலோ, டெஸ்டிங்" என்று சொல்லாதீர்கள். "பத்து மணி பன்னிரண்டு நிமிடம், முதல் சர்வரிலிருந்து இரண்டாவதற்கு" என்று வாயால் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஐந்து சோதனைச் செய்திகள் ஒன்றாக வந்து விழும்போது, எது எப்போது கிளம்பியது என்று காதாலேயே தெரியும்.

"போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை"

இதுதான் மிக மோசமான அறிகுறி. திரும்பி வந்த செய்தியை அனுப்பியவர் மறுபடி அனுப்பலாம். சத்தமில்லாமல் தொலைந்ததை யாரும் தேடக்கூட மாட்டார்கள்.

அனுப்பும் சர்வரின் வெளிச்செல்லும் வரிசையைத் திறந்து பாருங்கள். செய்தி அங்கேயே உட்கார்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தச் சர்வரிலிருந்தே (உங்கள் லேப்டாப்பிலிருந்து அல்ல) எதிர்முனையின் 25-ஆம் போர்ட்டுக்கு, அதாவது எஸ்.எம்.டி.பி வாசலுக்கு, டெல்நெட் (கட்டளைகளைக் கையால் அடித்துப் பார்க்கும் கருவி) போட்டுப் பாருங்கள்.

இணைப்பே ஏற்படவில்லை என்றால் டி.என்.எஸ் அல்லது ஃபயர்வால். பெயர் சரியான ஐ.பி முகவரியைத் தருகிறதா, எம்.எக்ஸ் பதிவு (டொமைனுக்கு வரும் மின்னஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) இருந்தால் அது வாய்ஸ்மெயில் சர்வரைக் காட்டுகிறதா, இல்லை அலுவலக மின்னஞ்சல் சர்வரைக் காட்டுகிறதா என்று பாருங்கள். முழு நிறுவனத்துக்கும் ஒரே டொமைனை வைத்துவிட்டு, குரல் செய்திகள் எல்லாம் மின்னஞ்சல் சர்வருக்குப் போய்க்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் தவறு. வாய்ஸ்மெயிலுக்கென்று தனி துணை டொமைன் வைப்பதுதான் நல்லது.

இணைப்பு ஏற்பட்டு, வரவேற்பு வரியில் 220-க்குப் பிறகு வரிசையாக நட்சத்திரக் குறிகள் மட்டும் தெரிகிறதா? நடுவில் ஒரு ஃபயர்வால் எஸ்.எம்.டி.பி உரையாடலைப் பிரித்துப் பார்த்து மாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விரிவாக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி-யில் பேசலாமா என்று கேட்கும் ஈஹெலோ (EHLO) கட்டளையை நீங்கள் அனுப்பினால் "இந்தக் கட்டளை தெரியாது" என்று பதில் வரலாம். விரிவாக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி இல்லாமல் போனால் செய்தியின் அளவை முன்கூட்டியே அறிவிப்பது, சேர்ந்ததற்கான அறிவிப்பைக் கேட்பது எதுவும் நடக்காது. இந்த இரண்டு சர்வர்களுக்கு இடையே மட்டும் அந்த ஆய்வை நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி, நெட்வொர்க்காரர்களையே குழப்பும் ஒன்று. டெல்நெட்டில் கையால் அடித்த சோதனை முழுதாகப் போகிறது, "வாங்கிக்கொண்டேன்" என்று பொருள்படும் 250 பதில் வருகிறது. நிஜச் செய்தி மட்டும், இரண்டு விநாடிச் செய்திகூட, செய்தியின் உள்ளடக்கத்தை அனுப்பும் டேட்டா கட்டத்தில் தொங்கி நிற்கிறது. இது பாக்கெட் அளவுப் பிரச்சினை. கையால் அடிக்கும் வரிகள் சில பத்து பைட்டுகள்தான். இரண்டு விநாடிக் குரலோ 8,000 பைட். மின்னஞ்சலில் போவதற்காக எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 ஆக்கினால் 11,000 பைட்டைத் தொடும். அது 1,500 பைட் பாக்கெட்டுகளாகக் கிளம்பி, இரண்டு இடங்களையும் இணைக்கும் வி.பி.என் சுரங்கத்துக்குள் நுழைய முடியாமல் தடுக்கப்படுகிறது. "சிறியதாக அனுப்பு" என்று சொல்லும் ஐ.சி.எம்.பி (நெட்வொர்க் பிழை அறிவிப்பு) பதிலை ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிடுகிறது. அனுப்பும் சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் களைத்துப்போகிறது. சுரங்கத்தின் வாயிலில் டி.சி.பி எம்.எஸ்.எஸ் அளவை (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை) குறைத்து வையுங்கள், அல்லது அந்த ஐ.சி.எம்.பி-யை அனுமதியுங்கள்.

நீளமான செய்திகள் மட்டும் நின்றுபோகிறது என்றால் காரணம் வேறு: அளவு வரம்பு. கணக்கு எளிது. விநாடிக்கு 4,000 பைட், பேஸ்64-க்கும் வரிமுறிவுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 5,500 பைட். 10 எம்பி வரம்பு இருந்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போகும். வரம்பு 1 எம்பி என்று யாராவது வைத்திருந்தால் மூன்று நிமிடத்திலேயே இடித்துவிடும்.

வரிசையில் 4-இல் தொடங்கும் பதில் எண்கள் (450, 451) தெரிந்தால் எதிர்முனை "இப்போது இல்லை, பிறகு வா" என்கிறது. நடுவில் ஸ்பேம் தடுப்பு மெயில் கேட்வே இருந்து, அறிமுகமில்லாத சர்வரைக் காக்க வைக்கிறதா பாருங்கள். இங்கே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: மின்னஞ்சல் விதிப்படி தோல்வியை அறிவிக்க நான்கைந்து நாட்கள் வரை முயற்சி தொடரலாம். கடிதத்துக்கு அது சரி. "இன்று மாலை கூட்டம் ரத்து" என்ற குரல் செய்திக்கு அது அநியாயம். அந்தக் கால அளவை இரண்டு மூன்று மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள். தோல்வி என்றால் அன்றே தெரியட்டும்.

வரிசை காலி, 250 பதிலும் லாகில் இருக்கிறது என்றால் செய்தி எதிர்முனைக்குள் போய்விட்டது, அங்கே தேடுங்கள். நடுவில் மெயில் கேட்வே இருந்தால், 250 சொன்னது அதுவாகவும் இருக்கலாம். அதன் வரிசையையும் பார்க்க வேண்டும்.

"உடனே திரும்பி வந்துவிட்டது"

இது நல்ல செய்தி, ஏனென்றால் காரணம் எழுதியே வந்திருக்கும். 5.1.1 என்றால் அந்த எண்ணில் பெட்டி இல்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 5.3.4 என்றால் செய்தி பெரியது. 5.7.1 என்றால் அனுப்ப அனுமதி இல்லை. பெரும்பாலும் எதிர்முனையின் அனுமதிப் பட்டியலில் உங்கள் சர்வரின் ஐ.பி இருக்காது. சர்வரை மாற்றிய மறுநாள் வரும் பிழை இது.

இரண்டு விஷயங்களில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, சாதாரணச் செய்திகள் போகின்றன, "தனிப்பட்டது" என்று குறியிட்டவை மட்டும் திரும்பி வருகின்றன. இது பழுதல்ல. தனிப்பட்ட செய்தியை வேறொருவருக்கு அனுப்ப முடியாதபடி தடுக்கும் வசதி பெறும் சர்வரில் இல்லாவிட்டால், அதைத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்று விபிம் விதி சொல்கிறது. பேசியவரின் நம்பிக்கையைக் காக்கும் விதி அது. அந்தக் குறியை நடுவழியில் உரித்துவிடும் வசதி சில கேட்வேக்களில் இருக்கும். தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டாவது, செய்தியின் வடிவம் புரியவில்லை என்று வரும் பிழை. விபிம் செய்தியின் உறை "மல்ட்டிபார்ட்/வாய்ஸ்-மெசேஜ்" என்ற வகையில் இருக்க வேண்டும். நடுவில் உள்ள மெயில் கேட்வே "இந்த மின்னஞ்சல் ரகசியமானது..." என்று அடிக்குறிப்பு ஒன்றை ஒட்டினால், உறை "மல்ட்டிபார்ட்/மிக்ஸ்ட்" ஆக மாறிவிடும். பெறும் வாய்ஸ்மெயில் அதை ஏற்காது. செய்தியின் மூல வடிவத்தை இரண்டு முனையிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றம் கண்ணில் படும். குரல் செய்திகள் அந்த கேட்வேயைத் தொடாமல் நேராகப் போக ஏற்பாடு செய்வதே நிரந்தரத் தீர்வு.

"எனக்கு வர வேண்டியது வேறு யாருக்கோ போய்விட்டது"

இந்தப் புகார் வந்தால், ஆராய்வதற்கு முன்னால் அந்த இணைப்பை நிறுத்திவிடுங்கள். ஒருவரின் குரல் தவறான காதில் விழுவது, தாமதத்தை விடப் பெரிய பிழை.

காரணம் ஏறக்குறைய எப்போதும் எண் திட்டம்தான். இரண்டு இடத்திலும் 4100 முதல் 4199 வரை பெட்டிகள் இருக்கும். இடத்தைக் குறிக்கும் முன்னெண் (முதல் இடத்துக்கு 81, இரண்டாவதற்கு 82 என்று வைப்போம்) அனுப்பும் பக்கம் ஒருமுறை உரிக்கப்பட்டு, பெறும் பக்கமும் இரண்டு இலக்கத்தை உரித்தால், 824127 என்பது 27 ஆகிவிடும். அது "பெட்டி இல்லை" என்று திரும்பி வந்தால் பிழைத்தோம். ஒரு பக்கமும் உரிக்காமல், பெறும் சர்வர் முதல் நான்கு இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 8241 என்ற பெட்டியைத் தேடி, அப்படி ஒன்று நிஜமாகவே இருந்தால்தான் விபரீதம்.

உரிப்பதை ஒரே பக்கத்தில் வையுங்கள். நடுவில் பயணிக்கும் முகவரி முழு எண்ணாக, முடிந்தால் கூட்டல் குறியோடு தொடங்கும் முழுத் தொலைபேசி எண்ணாக இருக்கட்டும். பேசப்பட்ட பெயர் வசதியையும் இயக்குங்கள். பெறுபவரின் பெயர் அவர் குரலிலேயே கேட்டால், அனுப்புபவர் தவறான எண்ணை அழுத்தியதை அந்த நொடியே உணர்வார்.

"வருகிறது, ஆனால் கேட்க முடியவில்லை"

எப்படிக் கேட்க முடியவில்லை என்று விசாரியுங்கள். "சரியில்லை" என்ற சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நீங்களே கேளுங்கள்.

குரல் மிக மெதுவாகக் கனத்தோ, கீச்சென்று வேகமாகவோ கேட்டால் மாதிரி எடுக்கும் வேகம் பொருந்தவில்லை: 8,000-க்குப் பதில் 16,000, அல்லது நேர்மாறாக. வார்த்தைகள் புரிகின்றன, ஆனால் உரக்கவும் கரகரப்பாகவும் இருந்தால் ஜி.711 கோடெக்கின் இரண்டு வகைகளில் ஒருபக்கம் ஏ-லா, மறுபக்கம் மியூ-லா என்று கோப்பைத் தவறாகப் படிப்பதாக இருக்கலாம்.

இன்னொன்று என்னை இரண்டு நாள் அலைய வைத்தது. யார் பேசுகிறார் என்று அடையாளம் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லின் மேலும் மணலை அள்ளி உரசியதுபோல் ஒரு இரைச்சல். நெட்வொர்க்கில் பாக்கெட் இழப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். மின்னஞ்சலாகப் போகும் கோப்பில் பாக்கெட் இழப்பு எப்படிக் குரலைக் கெடுக்கும்? டி.சி.பி-யில் வரும் கோப்பு முழுதாக வரும், இல்லையென்றால் வராது. கோப்பையே எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பைட்டின் இரண்டு பாதிகளும் இடம் மாறியிருந்தன. ஜி.726-இன் ஒவ்வொரு மாதிரியும் 4 பிட். ஒரு பைட்டில் இரண்டு மாதிரி. விபிம் முறையில் முதல் மாதிரி பைட்டின் கீழ்ப் பாதியில் உட்கார வேண்டும். ஏ.டி.எம் (பணம் எடுக்கும் இயந்திரம் அல்ல, ஒரு நெட்வொர்க் தொழில்நுட்பம்) உலகிலிருந்து வந்த இன்னொரு வழக்கில் அது மேல் பாதியில் இருக்கும். நடுவிலிருந்த மாற்றி சர்வர் இரண்டாவது வழக்கைப் பின்பற்றியிருந்தது.

இதை ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். மின்னஞ்சலோடு வந்த குரல் அட்டாச்மென்ட்டை பேஸ்64-இலிருந்து பிரித்து வெறும் கோப்பாக்குங்கள். எஃப்.எஃப்.எம்பெக் (FFmpeg) என்ற ஒலி-ஒளி மாற்றும் கருவியில் ஜி726, ஜி726எல்இ என்று இரண்டு வடிவங்கள் உண்டு. கோட் அளவை 4 என்றும் மாதிரி வேகத்தை 8,000 என்றும் வைத்து இரண்டிலும் ஓட்டிக் கேளுங்கள். எல்இ வடிவில் தெளிவாகக் கேட்டால் அனுப்பியவர் சரி. மற்றதில் தெளிவாக இருந்தால் அனுப்பும் பக்கம் திருத்த வேண்டும்.

இரைச்சல் இல்லை, ஆனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக இருந்தால், பலமுறை சுருக்கப்பட்டிருக்கிறது: கால் ஜி.729 என்ற அதிகம் சுருக்கும் கோடெக்கில் வந்து, சேமிப்பு வேறு கோடெக்கில், அப்புறம் ஏ.டி.பி.சி.எம். வாய்ஸ்மெயிலுக்குப் போகும் டிரங்கை ஜி.711-இல் வையுங்கள்.

"ஒரே செய்தி மூன்று முறை வருகிறது"

பெறும் சர்வர் செய்தி முழுவதையும் வாங்கிக்கொண்டு, கோடெக் மாற்றி, பெட்டியில் போட்ட பிறகுதான் 250 சொல்கிறது. நீளமான செய்திக்கு அந்த வேலை நேரம் பிடிக்கும். அனுப்பும் சர்வர் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறது, "போகவில்லை" என்று குறித்துக்கொண்டு மறுபடி அனுப்புகிறது. செய்தி முடிந்தது என்று காட்டும் கடைசிப் புள்ளிக்குப் பிறகு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது எஸ்.எம்.டி.பி விதி. அனுப்பும் பக்கத்தில் அந்த அளவை வையுங்கள். பெறும் பக்கத்தில் முதலில் வாங்கி வைத்து, 250 சொல்லிவிட்டு, பிறகு மாற்றும் வசதி இருந்தால் இயக்குங்கள்.

"செய்தி இருக்கிறது, போனில் விளக்கு எரியவில்லை"

செய்தி வந்துவிட்டது, எனவே சர்வர்களுக்கு இடையிலான இணைப்பை விடுங்கள். இது வாய்ஸ்மெயிலுக்கும் பி.பி.எக்ஸுக்கும் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகம்) நடுவே உள்ள விவகாரம். எஸ்.ஐ.பி-யில் விளக்கை எரியச் சொல்லும் நோட்டிஃபை செய்தியைப் பிடித்துப் பாருங்கள். அதில் "வாய்ஸ்-மெசேஜ்: 2/8 (0/2)" போல ஒரு வரி இருக்கும்: புதியவை 2, பழையவை 8, அடைப்புக்குள் அவசரமானவை. இந்த வரி சரியாகப் போயும் விளக்கு எரியவில்லை என்றால் பி.பி.எக்ஸ் அதை எந்த எக்ஸ்டென்ஷனுக்குக் கொண்டுபோகிறது என்று பாருங்கள். பெட்டி எண்ணும் எக்ஸ்டென்ஷனும் முன்னெண்ணால் வேறுபட்டிருக்கும்.

"கூப்பிட்டவருக்கு என் வரவேற்பு கேட்கவில்லை, பொது வரவேற்பு கேட்கிறது"

மைய வாய்ஸ்மெயிலுக்குக் கால் திருப்பப்படும் இணைப்பில் வருவது இது. கால் வந்துவிட்டது, யாருக்கு வந்த கால் என்ற விவரம் வழியில் விழுந்துவிட்டது. எஸ்.ஐ.பி-யில் அதைச் சுமப்பது டைவர்ஷன் அல்லது ஹிஸ்டரி-இன்ஃபோ தலைப்பு. ஒரு பி.பி.எக்ஸ் முதலாவதை அனுப்புகிறது, வாய்ஸ்மெயில் இரண்டாவதைத் தேடுகிறது. அல்லது நடுவிலுள்ள எல்லைச் சாதனம் பாதுகாப்பு என்று இரண்டையும் உரித்துவிடுகிறது. எல்லைச் சாதனத்துக்கு முன்னும் பின்னும் அழைப்பைப் பிடித்து ஒப்பிடுங்கள்.

மேலாளருக்கு வந்த கால் உதவியாளருக்குத் திரும்பி, அங்கிருந்து வாய்ஸ்மெயிலுக்குப் போனால் டைவர்ஷன் வரிகள் இரண்டு இருக்கும். மேலே இருப்பது கடைசியாகத் திருப்பியவர், கீழே இருப்பது முதலில் அழைக்கப்பட்டவர். மேலாளருக்கான செய்தி உதவியாளர் பெட்டியில் விழுகிறது என்றால், எந்த வரியைப் படிப்பது என்ற செட்டிங்கை மாற்றினால் போதும்.

ஏமிஸில் மட்டும் வருபவை

கைகுலுக்கலே நடக்கவில்லை என்றால், டிரங்க் ஜி.729-க்கு மாறிவிட்டதா என்று பாருங்கள். அழுத்தமான சுருக்கத்தில் டயல் ஒலிகள் சிதைந்துபோகும். செய்தி பாதியில் அறுந்தால், பேசியவரின் குரலையே டயல் ஒலி என்று எதிர்முனை தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒலிக் கண்டறிதலின் உணர்திறனைக் குறையுங்கள். எதிர்முனை எண்ணை மாற்றும்போது மட்டும், முதலில் உங்கள் போனிலிருந்து கையால் டயல் செய்து அங்கே வாய்ஸ்மெயில்தான் எடுக்கிறது என்று உறுதி செய்யுங்கள். ஒரு இலக்கம் தவறினால், யாரோ ஒருவர் வீட்டில் நள்ளிரவில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தால் பேச்சில்லாத ஒலிகள் மட்டும் கேட்கும், சர்வர் சளைக்காமல் மறுபடி முயற்சி செய்யும்.

"இரண்டு பக்கமும் போகிறது, ஆனால் பதில் போகவில்லை"

எல்லாம் சரியாகிவிட்டது என்று மூட்டை கட்டும் நேரத்தில் வருவது இது. முதல் இடத்திலிருந்து செய்தி வருகிறது. எண் அழுத்தித் தனியாக அனுப்பினால் அதுவும் போகிறது. வந்த செய்தியைக் கேட்டுவிட்டு "பதில்" விசையை அழுத்தினால் மட்டும் பெட்டி இல்லை என்று திரும்புகிறது. அனுப்புநர் வரியில் 4127 என்று வெறும் உள்ளூர் எண்தான் இருக்கிறது, 81 என்ற முன்னெண் இல்லை. அதனால் பெறும் சர்வர் பதிலைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. பெறுநர் முகவரிக்குப் போட்ட அதே மாற்ற விதியை அனுப்புநர் முகவரிக்கும் போடுங்கள். பிறகு சோதனைச் செய்தி ஒன்று அனுப்பி, அந்தப் பக்கத்திலிருப்பவரைப் பதில் விசையை அழுத்தி நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் குரல் உங்கள் பெட்டியில் கேட்ட பிறகு வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.